கிளிஃபர்டு பியர்ஸ்

உடலில் நோய் தோன்றினால் அதனை மறைப்பார் இலர். காய்ச்சல் கண்டவரை உற்றாரும் உறவினரும் வந்து காண்கின்றனர். கால் ஒடிந்தவர்க்கு அண்டை வீட்டார் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கின்றனர். நோய் தீர்ந்து எழுந்தபின் அவர் முன்போலவே தம் தொழிலைச் செய்கின்றார். விழாவிலும் விருந்திலும் முன்போலவே இடம் பெறுகின்றார். ஆனால், நோய் உடலை விட்டு உள்ளத்தைப் பற்றுமாயின், உலகம் வேறு முகம் காட்டுகின்றது. நோயுற்றவரைப் பெற்றோரும் வெளியே சொல்ல நாணுகின்றனர். ஊரார் ஒதுங்கி நிற்கின்றனர். நோய் முற்றும் நீங்கிய பிறகும் அவரைப் பழைய பெயரால் சுட்டும் வழக்கம் நீங்குவதில்லை. நோயினால் வரும் துன்பம் ஒரு பங்கு என்றால், பிறர் ஒதுக்குவதால் வரும் துன்பம் பல பங்காக வளர்ந்துவிடுகின்றது.

இந்த இரு துன்பங்களையும் தாமே நுகர்ந்து, அவற்றினின்று மீண்டு, பிறரும் மீள்வதற்கு வழி அமைத்த பெருந்தகை ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அவர் மருத்துவர் அல்லர், செல்வரும் அல்லர். மனநோய் மருத்துவமனைகளில் நோயாளராக மூன்றாண்டுகளைக் கழித்தவர். அவர் பெயர் கிளிஃபர்டு விட்டிங்காம் பியர்ஸ் என்பது.

பிறப்பும் கல்வியும்

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் கனெக்டிகட் என்னும் மாநிலம் உள்ளது. அம்மாநிலத்தின் கடற்கரை நகரங்களுள் ஒன்று நியூ ஹேவன். புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகம் அந்நகரில்தான் இருக்கின்றது. அங்கே 1876-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள் பியர்ஸ் பிறந்தார். உடன்பிறந்தார் பலர் இருந்த குடும்பம் அது. இளமையில் பியர்ஸ் சுறுசுறுப்பும் நகைச்சுவையும் உடையவராக விளங்கினார். 1894-ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிவியற் கல்லூரியில் சேர்ந்தார். மாணவர்கள் நடத்திய நகைச்சுவை இதழ் ஒன்றின் வரவு செலவுகளைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்று, அதனைத் திறம்பட நடத்தினார். பிற்காலத்தில் அவர் பெரிய கழகங்களைக் கட்டி வளர்த்த ஆற்றலுக்கு அதுவே முதற் பயிற்சி எனலாம்.

உள்ளத்துள் வளர்ந்த அச்சம்

பியர்ஸ் கல்லூரியிற் சேர்ந்த அதே ஆண்டில், அவர் தமையனார் ஒருவரை வலிப்பு நோய் பற்றியது. நலமாக இருந்த தமையனார் திடீரெனத் துடித்து வீழ்வதைக் கண்ட இளைஞரின் உள்ளத்தில் ஓர் அச்சம் புகுந்தது. இந்நோய் நம்மையும் ஒருநாள் பற்றுமோ என்று அவர் ஐயுற்றார். வகுப்பிலே எழுந்து நின்று விடை சொல்லும்போது வலிப்பு வந்துவிடுமோ என்று நடுங்கினார். ஆசிரியர்களிடம் சென்று, தம்மை வினாவாமல் விட்டுவிடும்படி வேண்டிக்கொண்டார். ஆயினும், நடுக்கத்தின் உண்மைக் காரணத்தை எவரிடமும் சொன்னாரில்லை. வெளியே சிரித்த முகமும் உள்ளே எரியும் நெஞ்சுமாக மூன்றாண்டுகள் கற்று, 1897-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார்.

பின்பு நியூயார்க்கு நகரம் சென்று ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். அங்கும் அச்சம் அவரைத் தொடர்ந்தது. நச்சுக் காய்ச்சல் ஒன்று உடலை நலிவித்தது. 1900-ஆம் ஆண்டு சூன் திங்களில், இனிப் பணிசெய்ய இயலாது என்னும் நிலையில் பெற்றோர் இல்லத்துக்குத் திரும்பினார். அச்சம் அறிவை முற்றும் மூடிவிட்டது. வலிப்பு நோயோடு வாழ்வதினும் இறத்தலே மேல் என்று பிறழ எண்ணி, அத்திங்கள் 23-ஆம் நாள் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ள முயன்றார். நல்வினையால் உயிர் நின்றது. கால் எலும்புகள் முறிந்தன.

அவர் அஞ்சிய வலிப்பு நோய் வாழ்நாள் முழுவதும் அவரை அணுகவே இல்லை. ஆறாண்டுகளாக நெஞ்சில் வைத்துப் பூட்டிய அச்சத்தைத் தாயிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ சொல்லியிருந்தால், அது அவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்குமா என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

மருளில் மூழ்கிய நாட்கள்

மருத்துவமனையில் கண் விழித்த பியர்ஸை வேறொரு மயக்கம் பற்றியது. தாம் பெருங்குற்றம் செய்துவிட்டதாகவும், தம்மைத் தண்டிக்கக் காவலர் காத்திருப்பதாகவும் அவர் நம்பத் தொடங்கினார். சன்னலில் இருந்த இரும்புக் கம்பிகள் அவர் கண்ணுக்குச் சிறைக் கம்பிகளாகத் தோன்றின. காலின் வீக்கம் தணிய வைத்த சூடான கட்டுகளை, உண்மையைக் கக்குவிக்கச் செய்யும் வதை என்று கருதினார். உணவிலே நஞ்சு கலந்திருக்குமோ என்று ஐயுற்றார். யாரும் பேசாதபோதும் பேச்சொலிகள் அவர் செவியில் விழுந்தன.

எல்லாவற்றினும் கொடியது மற்றொன்று. தம்மைக் காண வந்த பெற்றோரும் உடன்பிறந்தாரும் மெய்யானவர் அல்லர். அவர்களைப் போல வேடம் பூண்டு வந்த ஒற்றர்களே என்று அவர் எண்ணினார். அன்போடு வந்த தாயின் முகமும் பகைவர் முகமாகத் தோன்றியது என்றால், அவ்வுள்ளம் பட்ட பாட்டை என்னென்பது! அவர் பெரும்பாலும் பேச்சை விட்டார், எழுதுவதையும் விட்டார். மருத்துவமனை மாறியும் மருள் மாறவில்லை. பார்ப்பவர்க்கு அவர் உணர்வற்ற மரம் போலத் தோன்றினார். ஆயினும், அந்த அமைதிக்குள்ளே அவர் உள்ளம் உறங்கவில்லை. நடப்பவை அனைத்தையும் கண்டது, நினைவில் பதித்துக்கொண்டது. அன்போடு சொன்ன சொல்லும், அலட்சியமாகச் சொன்ன சொல்லும் அவர் நெஞ்சில் அப்படியே நின்றன.

கடிதம் என்னும் சான்று

இந்நிலையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அதே மருத்துவமனையில் இருந்த மற்றொரு நோயாளர் பியர்ஸிடம் அடிக்கடி வந்து பேசுவார். விடை வாராமற் போயினும் அவர் பேசுவதை நிறுத்தவில்லை. அந்த விடாமுயற்சி சிறிது சிறிதாகப் பியர்ஸின் வாயைத் திறந்தது. தம்மைக் காண வருபவர் தம் உடன்பிறந்தாரான ஜார்ஜ் அல்லர் என்று பியர்ஸ் கூறியபோது, அதனைச் சோதித்து அறியலாமே என்னும் எண்ணம் அவ்வுரையாடலிலிருந்தே எழுந்தது.

பியர்ஸ் ஒரு வழி கண்டார். ஜார்ஜின் மெய்யான முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினார். மறுமுறை வரும்போது அக்கடிதத்தையே கையோடு கொண்டுவருமாறு அதிற் குறித்தார். வேடம் பூண்ட ஒற்றராயின் அக்கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேராது. மெய்யான உடன்பிறந்தாராயின் போய்ச் சேரும். ஈராண்டுகளுக்குப் பிறகு அவர் எழுதிய முதற் கடிதம் அதுதான். நண்பரான நோயாளர் அதனை அஞ்சலிற் சேர்த்தார்.

1902-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள் ஜார்ஜ் வந்தார். சட்டைப் பையிலிருந்து அக்கடிதத்தை எடுத்து நீட்டினார். பியர்ஸ் தம் கையெழுத்தைக் கண்டார். அந்த நொடியிலே, 798 நாட்களாக அவரைச் சூழ்ந்திருந்த பொய்யுலகம் சரிந்து வீழ்ந்தது. எதிரே நிற்பவர் தம் உடன்பிறந்தாரே என்று தெளிந்தார். கை குலுக்கிப் பேசினார். மருந்தால் திறவாத கதவை, ஒரு நண்பரின் பேச்சும், ஓர் உடன்பிறந்தாரின் சொல் தவறாமையும் திறந்தன.

கித்தான் சட்டை

ஆயினும், நோய் அன்றோடு அகலவில்லை. அடங்கிக் கிடந்த உள்ளம் இப்போது அளவு கடந்து பொங்கத் தொடங்கியது. ஓயாமற் பேசினார், ஓயாமல் எழுதினார். தாள் போதாமையால், பொட்டலம் கட்டும் தடித்த தாள்களை நீள நீளமாக ஒட்டி, அவற்றில் பல அடி நீளமுள்ள கடிதங்களை எழுதினார். உலகத்தையே திருத்திவிடலாம் என்னும் ஊக்கம் அவரை உந்தியது. சோர்வும் கிளர்ச்சியும் மாறி மாறி வரும் இத்தகைய நோயை இக்கால மருத்துவர் நன்கு அறிவர். அக்காலத்திலோ, கிளர்ந்த நோயாளரை அடக்குவதற்குக் கட்டுகளே பெரிதும் பயன்பட்டன.

மருத்துவர் ஒருவரோடு பிணக்கு நேர்ந்தது. பியர்ஸுக்குக் கித்தான் சட்டை ஒன்றை அணிவித்தனர். இரு கைகளையும் மார்பின் குறுக்கே மடித்து, நீண்ட சட்டைக் கைகளை முதுகுப் புறத்தே இழுத்துக் கட்டும் சட்டை அது. அதனை அணிந்தவர் முகத்தில் அமர்ந்த ஈயையும் ஓட்ட முடியாது. அக்கட்டோடு பல இரவுகள் அவர் கிடந்தார். வலியால் அலறினார், அவிழ்க்குமாறு கெஞ்சினார். பின்னர் அவரை அரசு மருத்துவமனைக்கு மாற்றினர். அங்கே முரட்டு நோயாளர்க்கென ஒதுக்கிய கட்டில் நிகழ்வன யாவை என்று அறிய விரும்பி, வேண்டுமென்றே குறும்பு செய்து அங்கே போய்ச் சேர்ந்தார். குளிரைத் தாங்கப் போதிய போர்வையின்றிச் சிற்றறையில் அடைபட்டார். பணியாளர் சிலரால் அடியும் உதையும் பட்டார். தம்மினும் எளிய நோயாளர் அடிபடுவதையும் கண்டார். அவர்களுள் பலர் வாய் பேச இயலாதவர். பேச இயன்றவர் சொல்லையோ, பித்தர் சொல் என்று உலகம் தள்ளியது.

இக்கொடுமைகளை விரித்து மாநில ஆளுநருக்கு நீண்டதொரு மடல் எழுதி, மருத்துவமனையார் அறியாவாறு வெளியே அனுப்பினார். ஆளுநர் அதனைப் பொருட்படுத்தி மறுமொழி விடுத்தார். தாம் நலம் பெற்று வெளியேறினால் தம் வாழ்நாளை இம்மக்களுக்காகவே ஈவது என்று பியர்ஸ் உறுதி பூண்டது இந்நாட்களில்தான்.

இங்கே முன்னை வரலாறு ஒன்றை நினைவு கூர்தல் வேண்டும். 1841-ஆம் ஆண்டு முதலாக டாரதியா டிக்ஸ் என்னும் அம்மையார், சிறைகளிலும் ஏழையர் விடுதிகளிலும் மனநோயாளர் விலங்கோடு கிடப்பதைக் கண்டு மனம் நொந்து, மாநிலந்தோறும் சென்று சட்டமன்றங்களிடம் முறையிட்டார். அவர் முயற்சியால் முப்பதுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் தோன்றவும் விரிவடையவும் நேர்ந்தது. அவர் 1887-ஆம் ஆண்டு மறைந்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல, மருத்துவமனைகளில் நோயாளர் பெருகினர். பொருளும் ஆளும் போதாவாயின. அன்பால் எழுந்த கட்டடங்களுக்குள்ளும் அன்பின்மை குடிபுகுந்தது. அம்மையார் கட்டடங்களை எழுப்பினார். அவற்றின் உள்ளே நடப்பதை உலகுக்குக் காட்டும் கடமை பியர்ஸுக்கு வந்து சேர்ந்தது.

மீண்டும் ஊரார் நடுவே

1903-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பியர்ஸ் மருத்துவமனையை விட்டு வெளியேறினார். நோய் நீங்கியவர்க்கு உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்குகின்றது. ஊரார் எப்படிப் பார்ப்பார்கள்? வேலை யார் கொடுப்பார்கள்? கடந்த மூன்றாண்டுகள் எங்கே இருந்தாய் என்று கேட்டால் என்ன விடை சொல்வது? இக்கேள்விகளுக்கு அஞ்சி வீட்டின் மூலையிலேயே முடங்கியோர் எண்ணிறந்தோர்.

பியர்ஸ் பொய் சொல்லவில்லை. நியூயார்க்கு நகரத்து வணிக நிறுவனம் ஒன்றை அணுகித் தம் வரலாற்றை மறையாது உரைத்தார். அதன் தலைவர் விரிந்த உள்ளமுடையவர். நோய் என்றால் எல்லாம் நோய்தான். பணியாளர் பொது மருத்துவமனைக்குச் சென்றாலும் மனநோய் மருத்துவமனைக்குச் சென்றாலும் தமக்கு வேறுபாடு இல்லை. மீண்டும் ஓய்வு வேண்டுமாயின் எப்போது வேண்டுமாயினும் சென்று வரலாம். வந்தபின் வேலை காத்திருக்கும் என்று அவர் உறுதி கூறினார். அச்சொற்கள் வெறுஞ் சொற்களாக நிற்கவில்லை. 1905-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பியர்ஸுக்கு மீண்டும் சிறிது கிளர்ச்சி தோன்றியது. இம்முறை அவரை யாரும் கட்டி இழுத்துச் செல்லவில்லை. உடன்பிறந்தாரின் அறிவுரையை ஏற்றுத் தாமே மருத்துவமனை சென்று, சில வாரங்கள் தங்கி, நலம் பெற்றுத் தம் வேலைக்கே திரும்பினார். நோய் வந்தால் மருத்துவம். நலம் பெற்றால் தொழில். இந்த எளிய ஒழுங்கு எல்லார்க்கும் வாய்க்க வேண்டும் என்பதே அவர்தம் பிற்காலத் தொண்டின் சாரம்.

நூல் பிறந்த வரலாறு

தம் நோயின் கதையை ஒரு நூலாக எழுதப் பியர்ஸ் துணிந்தார். அது எளிய செயல் அன்று. மனநோயுற்றவர் என்னும் பெயரை மறைக்கவே எல்லாரும் முயலும் உலகில், அப்பெயரைத் தாமே அச்சிட்டுப் பரப்புவதா? குடும்பத்துக்கு இழிவு வாராதா? வணிகத் துறையில் முன்னேற்றம் தடைப்படாதா? புனைபெயர் பூண்டு எழுதியிருந்தால் இவ்விடர்களினின்று தப்பியிருக்கலாம். ஆனால், ஒளிந்து நின்று சொல்லும் சான்றை உலகம் எளிதில் ஏலாது. ஆகவே, தம் இயற்பெயராலேயே நூலை வெளியிட முடிவு செய்தார்.

எழுதிய படியை அறிஞர் பலரிடம் காட்டினார். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரும் உளநூற் பேரறிஞருமாகிய வில்லியம் ஜேம்ஸ் 1906-ஆம் ஆண்டில் அதனைப் படித்துப் பாராட்டி ஒரு கடிதம் எழுதினார். அதுவே பின்னர் நூலின் முன்னுரையாக அமைந்தது. மனநோய் மருத்துவத்தில் தலைசிறந்து விளங்கிய அடால்ஃப் மையர் என்பாரும் அவருக்குத் துணை நின்றார். பழிதீர்க்கும் கருத்து நூலில் தலைகாட்டலாகாது என்பதில் பியர்ஸ் விழிப்பாக இருந்தார். கடுஞ்சொற்களைக் களைந்தார். கொடுமை செய்தவரைத் தூற்றுவதன்று, கொடுமையை ஒழிப்பதே அவர் நோக்கம். நல்ல மருத்துவர்களும் நல்ல பணியாளர்களும் உண்டு என்பதையும், அவர்கள் கை வலுப்பட வேண்டும் என்பதையும் அவர் மறந்தாரில்லை.

1908-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்நூல் வெளிவந்தது. தன்னைத்தானே கண்டுகொண்ட ஓர் உள்ளம் என்பது அதன் பெயர்ப் பொருள். அதுகாறும் மனநோயை வெளியே நின்று கண்டவரே பெரிதும் எழுதினர். அதற்குள்ளே சென்று மீண்ட ஒருவர், உள்ளே கண்டதைத் தெளிவாக எடுத்துரைத்தது உலகத்தை வியப்பில் ஆழ்த்தியது. பித்தர் என்று தள்ளப்பட்டோர்க்கும் நினைவு உண்டு, நாணம் உண்டு, அன்புக்கு ஏங்கும் நெஞ்சம் உண்டு என்பதைப் படித்தோர் உணர்ந்தனர். நூல் பல பதிப்புகள் கண்டது.

கழகங்கள் கண்டமை

நூலால் எழும் இரக்கம் நாளடைவில் ஆறிவிடும் என்பதைப் பியர்ஸ் அறிவார். இரக்கத்தைச் செயலாக்கக் கழகம் வேண்டும். நூல் வெளிவந்த அதே ஆண்டு மே திங்கள் 6-ஆம் நாள், கனெக்டிகட் மாநில மனநலக் கழகம் அவர் முயற்சியால் தோன்றியது. மறு ஆண்டு, 1909-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 19-ஆம் நாள், நாடு முழுமைக்கும் உரிய தேசிய மனநலக் குழு நியூயார்க்கு நகரில் நிறுவப்பட்டது. நோயாளர்க்கு நல்ல மருத்துவம் கிடைக்கச் செய்தல், நோய் வாராமற் காத்தல், நலம் பெற்று வீடு திரும்பியோர்க்குத் துணை நிற்றல், மனநோய் பற்றிய ஆராய்ச்சியை வளர்த்தல், மக்களிடையே உண்மையைப் பரப்புதல் ஆகியவை இக்கழகங்களின் நோக்கங்கள்.

தொடக்கத்தில் பொருள் முட்டுப்பாடு பெரிதாயிருந்தது. பியர்ஸ் கடன் வாங்கிக் காலம் கழித்தார். செல்வர் வாயில்களில் தளராது ஏறி இறங்கினார். ஈற்றில் ஹென்றி ஃபிப்ஸ் என்னும் வள்ளல் 50,000 டாலர் வழங்க முன்வந்தார். 1912-ஆம் ஆண்டு தாமஸ் சாமன் என்னும் மருத்துவர் குழுவின் பணிக்கு வந்தார். மனநோயாளர் எங்கெங்கே, எந்நிலையில் வாழ்கின்றனர் என்று மாநிலந்தோறும் ஆராய்ந்து அறியும் வேலை தொடங்கியது. கண்ணாற் கண்டு கணக்கிட்ட உண்மைகளை அரசினர் முன் வைத்தபோது, மறுக்க வழியில்லாமற் போயிற்று.

அதே 1912-ஆம் ஆண்டு பியர்ஸ், கிளாரா லூயிஸ் ஜெப்சன் என்னும் நங்கையை மணந்தார். 1913-ஆம் ஆண்டு நியூ ஹேவன் நகரில் மனநல மருந்தகம் ஒன்றை நிறுவினார். நோயாளர் தம் வீட்டில் இருந்தவாறே வந்து மருத்துவம் பெற்றுச் செல்லலாம். சுற்றத்தைப் பிரிய வேண்டியதில்லை. அமெரிக்காவில் அவ்வகையில் முதலாவது மருந்தகம் அதுவே என்பர். முதல் உலகப் போரில் மனம் கலங்கிய படைவீரர்க்கு மருத்துவம் செய்வதிலும், 1920-களில் சிறுவர்க்கான மனநல மருந்தகங்களைப் பரப்புவதிலும் தேசியக் குழு பெரும்பங்கு கொண்டது. 1918-ஆம் ஆண்டு கனடா நாட்டிலும் இத்தகைய குழு ஒன்று தோன்றியது. தாம் பயின்ற யேல் பல்கலைக்கழகம் 1922-ஆம் ஆண்டு அவருக்குச் சிறப்புப் பட்டம் வழங்கியது. வகுப்பிலே எழுந்து நிற்க நடுங்கிய மாணவரை அப்பல்கலைக்கழகமே அழைத்துப் பெருமைப்படுத்தியது. 1930-ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் முதல் அனைத்துலக மனநல மாநாடு கூடியபோது, ஐம்பது நாடுகளுக்கு மேற்பட்டவற்றின் சார்பாளர்கள் வந்திருந்தனர். அனைவர்க்கும் நடுவே, ஒரு காலத்தில் கைகள் கட்டுண்டு இருட்டறையிற் கிடந்த அம்மனிதர் நின்றார்.

இறுதிக் காலம்

வரலாற்றை இவ்விடத்தே முடித்தால் இனிமையாக இருக்கும்; ஆனால், உண்மை ஆகாது. 1939-ஆம் ஆண்டு பியர்ஸ் தம் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். முதுமையில் சோர்வும் ஐயமும் அவர் உள்ளத்தை மீண்டும் சூழ்ந்தன. பிராவிடன்ஸ் நகரத்து மனநோய் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தார். 1943-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9-ஆம் நாள், தம் 67-ஆம் வயதில், அங்கேயே உயிர் நீத்தார்.

நோய் மீண்டும் வந்ததால் அவர் பெற்ற நலம் பொய்யாகுமா? ஒருபோதும் ஆகாது. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து தீர்ந்தவர்க்கு, அடுத்த ஆண்டும் காய்ச்சல் வரலாம். அதனால் இடையே அவர் உழுத நிலமும் விளைத்த நெல்லும் இல்லையென்று ஆகிவிடுமா? நோயில்லாமை ஒன்றே நலம் என்று கொள்வது பிழை. நோயோடும், நோய்க்கு இடையிலும், பொருள் நிறைந்த வாழ்வு வாழ்வதும் நலமே. மருத்துவமனையிலிருந்து வெளிவந்தபின் ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டுகள் பியர்ஸ் அத்தகைய வாழ்வு வாழ்ந்தார்.

அவர் நம்பிக்கையைப் பிற்கால ஆராய்ச்சிகளும் வலியுறுத்தின. அமெரிக்காவின் வெர்மாண்டு மாநிலத்து அரசு மனநோய் மருத்துவமனையில், இனி இவர்கள் தேறார் என்று கருதப்பட்டு நெடுங்காலம் கிடந்த 269 நோயாளரை, 1950-களில் பயிற்சி தந்து ஊரார் நடுவே குடியமர்த்தினர். இருக்க இடமும் செய்யத் தொழிலும் தேடித் தந்தனர். பல்லாண்டுகள் கழித்து அவர்களைத் தேடிச் சென்று ஆராய்ந்தவர்கள் 1987-ஆம் ஆண்டு தம் முடிபுகளை வெளியிட்டனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பெரிதும் தேறியோ, முற்றும் நலம் பெற்றோ வாழ்ந்தமை தெரியவந்தது. தேறார் என்னும் தீர்ப்பே தேறவிடாத விலங்காக இருந்தது என்பதை உலகம் கண்டது.

விலங்கு மணியானது

1950-ஆம் ஆண்டு, பியர்ஸ் நிறுவிய தேசியக் குழு வேறு இரு அமைப்புகளோடு இணைந்து பெரியதொரு கழகமாயிற்று. அக்கழகத்தார் புதுமையான செயல் ஒன்றைச் செய்தனர். மனநோயாளரைப் பிணிக்க முற்காலத்தில் பயன்பட்ட சங்கிலிகளையும் கைவிலங்குகளையும் கால்விலங்குகளையும் நாட்டின் பல மருத்துவமனைகளிலிருந்து திரட்டினர். அவற்றைப் பால்டிமோர் நகரத்து மணி வார்ப்பாலைக்கு அனுப்பினர். 1953-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 13-ஆம் நாள் அவ்விரும்புகளெல்லாம் உலையில் உருகி, 300 இராத்தல் எடையுள்ள மணி ஒன்றாக உருப்பெற்றன. மனிதரைப் பிணித்த இரும்பு மனிதரை அழைக்கும் ஓசையாயிற்று. அம்மணி இன்றும் அக்கழகத்தின் சின்னமாக விளங்குகின்றது.

இரும்பு விலங்கை உலையிலிட்டு உருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத விலங்குகள் சில உண்டு. ஏளனச் சிரிப்பு ஒரு விலங்கு. வேலை மறுத்தல் ஒரு விலங்கு. விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குதல் ஒரு விலங்கு. அவை உருகுவது நம் ஒவ்வொருவர் நெஞ்சத்திலும்தான். பியர்ஸை மீட்டவர்கள் யாவர்? விடை வாராதபோதும் பேசிக்கொண்டே இருந்த ஒரு நண்பர். கடிதத்தை மறவாமல் கொண்டுவந்த ஓர் உடன்பிறந்தார். நோய்க்கும் நோய்க்கும் வேறுபாடு காணாத ஒரு முதலாளி. அவர்கள் செய்தவை அரிய செயல்கள் அல்ல, நம்மாலும் இயல்பவையே. நம் பக்கத்து வீட்டில், நம் வகுப்பில், நம் குடும்பத்தில் உள்ளம் நொந்தவர் ஒருவர் இருப்பின், அவரோடு பேசுவோம். அவர் சொல்வதைக் கேட்போம். நம் நெஞ்சில் அச்சம் புகுந்தால், அதனைப் பூட்டி வையாது தக்கார் ஒருவரிடம் சொல்லுவோம். அதுவே கிளிஃபர்டு பியர்ஸ் என்னும் பெருந்தகைக்கு நாம் செய்யும் நன்றியாகும்.